பனிக்கம்பி

ஜனவரி 12, ஞாயிறு

இவர் இன்றைக்கும் கட்டையை வெளியே எடுக்கவில்லை.

வரப்போகிற பேரனோ பேத்தியோ என்றைக்காவது இதைப் படித்தால் முழிக்கக் கூடாது. அதனால் பழைய வாத்தியார் புத்தியோடு கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை டீ என்கிற மேட்டில் நின்று அடிக்க வேண்டும். பந்து தூரம் போக வேண்டிய அடி என்பதால் ஊர் உலகமெல்லாம் அதற்குப் பெரிய மண்டை வைத்த டிரைவரைத்தான் எடுக்கும். கோத்தகிரிக்கு மேலே ஒன்பதே குழிகளோடு இருக்கும் எங்கள் மலைக் கிளப்பில் அதற்குப் பெயர் கட்டை. ஒரு காலத்தில் மரத்தில் செய்தார்களாம். இப்போது உலோகம்தான், பெயர் மட்டும் மாறவில்லை. தட்டையான இரும்பு முகம் வைத்ததெல்லாம் கம்பி. அதில் எல்லாவற்றிலும் நீளமானது இரண்டாம் நம்பர். கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே என் வீட்டுக்காரர் வைத்திலிங்கம் டீயில் அந்த இரண்டாம் நம்பரைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

"ஏனுங்க, கட்டைக்கு என்ன கேடு வந்துது?" என்று கேட்டேன்.

"கம்பின்னா நேராப் போகும் அம்மிணி" என்றார்.

நேராகத்தான் போகிறது. ஆனால் பாதி தூரம்தான் போகிறது. எனக்கென்ன வந்தது என்று விட்டுவிடலாம்தான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி தம்பதிக் கோப்பை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டிய ஆட்டம். இவர் அடித்துப் போட்ட இடத்திலிருந்து நான் அடித்தாக வேண்டும். கோல்ஃப் பிடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத, சர்க்கரைக்காக நடக்க வந்த ரிட்டயர்டு பிசிக்ஸ் டீச்சர் நான். என் கைக்கு எவ்வளவு தூரம் போகும்?

கோப்பை முடிந்த மூன்றாம் நாள் கோயம்புத்தூர் போய் மகள் நிறைமதியைப் பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். எட்டாம் மாதம் முடிவதற்குள் மலையேற்றிவிடச் சொல்லிவிட்டாளாம் டாக்டர். இவர்தான் காரில் போகிறார். மேட்டுப்பாளையம் ரோட்டில் இவரைப்போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது. இதை இவரே சொல்வார். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, மார்க்கெட் வரைக்கும் செல்லுபடியாகும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் எனக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பத் தோன்றும்.

ஜனவரி 14

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது, நல்லது. வாசலில் நான் போட்ட கோலத்தின் நடுவில் இவர் செருப்புக் காலை வைத்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருதரம்கூட இப்படிச் செய்ததில்லை. கேட்டால், "தெரு அடைச்சுப் போட்டா இப்படித்தான்" என்று என் மேலேயே பழி.

ஜனவரி 15

சந்தேகம் வந்தால் சோதனை செய்து பார்த்துவிட வேண்டும், அது என் குணம். மத்தியானம் இவர் படுத்திருக்கும்போது அந்த இரண்டாம் நம்பர் கம்பியை உருவிக்கொண்டு பழகும் மைதானத்துக்குப் போனேன்.

அப்பப்பா! வெட்டுக்கத்தி மாதிரி மெலிந்த முகம். பந்து சரியாக நடுவில் படாவிட்டால் அதிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறுகிறது. ஒரு கூடைப் பந்து அடித்திருப்பேன். ஏதோ இரண்டு மூன்று மட்டும் தாழப் பறந்து, தரையில் விழுந்து ஓடின. மற்றதெல்லாம் புல்லைச் சிரைத்தன.

பக்கத்தில் பல் டாக்டர் எபனேசர் பழகிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான். "மேடம், அதை யாரும் இப்ப பையிலயே வெக்கறதில்ல. இன்னும் நாலு அடி அடிச்சீங்கன்னா பல்லு ஆடி என்கிட்டதான் வரணும்" என்றார்.

கட்டையின் மண்டை பெரியது, கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் மன்னித்துவிடும். இந்தக் கம்பி மன்னிக்காது. பத்திரமாக ஆட வேண்டும் என்கிறவர் பையில் இருப்பதிலேயே கஷ்டமானதை ஏன் எடுக்கிறார்? விடை தெரியவில்லை. கை வலிக்கிறது, இன்றைக்குச் சப்பாத்தி இல்லை, உப்புமாதான்.

ஜனவரி 19, ஞாயிறு

இவர் சொல்லும் காரணங்கள் வாரத்துக்கொன்று மாறுகின்றன. போன வாரம் நேராகப் போகும் என்பது. இந்த வாரம் தோள்பட்டை. "கட்டையை வீசினா தோள்ல புடிக்குது" என்றார். உடனே தைலம் எடுத்து வந்தேன். தேய்த்துக்கொண்டார். சாயங்காலம் பரணிலிருந்த பித்தளை அண்டாவை இரண்டு கையாலும் அலாக்காகத் தூக்கி இறக்கிக் கொடுத்தார். ஆக, தோள் நன்றாகவே இருக்கிறது.

இன்னொரு விஷயம். பையைத் தூக்கி வரும் எங்கள் கேடி போஜன் முன்பெல்லாம் அதிகம் பேசவே மாட்டான். (நாட்டில் கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள். கிளப்பில் மட்டும் மரியாதை.) இப்போது இவர் அடித்து முடித்த நொடியே ரேடியோ கிரிக்கெட் மாதிரி ஆரம்பித்துவிடுகிறான். "நடுவுல போயிட்டிருக்குங்க சார், லேசா எடது, ஒத்தச் சீகை மரத்துக்கு இந்தப் பக்கம், விழுந்துருச்சு, உருளுது, நின்னுருச்சுங்க சார்." எனக்கும் கண் இருக்கிறதே, ஏண்டா கத்துகிறாய் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். என் அடிக்கு அவன் வாயே திறப்பதில்லை. அதுவும் ஒரு குறை.

திரும்பும்போது காரின் இடப்பக்கம் கேட் தூணில் உரசிவிட்டது. தூண் நகர்ந்திருக்குமோ என்னவோ.

ஜனவரி 22

ஒரு துப்புக் கிடைத்திருக்கிறது.

போஜன் பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா, ஐயா அந்தக் கம்பியில அப்படி என்னதான் கண்டாரு?" என்று கேட்டேன். "சாருக்கு எப்பவும் பனிக்கம்பிதாங்கம்மா" என்று சொன்னவன், நாக்கைக் கடித்துக்கொண்டு துணியை அலசப் போய்விட்டான்.

பனிக்கம்பி! அந்தப் பெயரை நானும் கேட்டிருக்கிறேன், மறந்துவிட்டது. முதல் டீயில் ஒரு பலகை உண்டு: 'மூடுபனி இறங்கினால் டீயில் கட்டை கூடாது.' எப்போதோ ஒருவர் பனிக்குள் கட்டையால் விளாச, பந்து முன்னால் போய்க்கொண்டிருந்தவரின் வாயில் பட்டு முன்பல் இரண்டும் போனதாம். பல் டாக்டர் இந்தக் கதையை ரசித்துச் சொல்வார். அன்றிலிருந்து பனி வந்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் அடிக்க வேண்டும், அதற்கு நீளக் கம்பிதான். ஆனி ஆடியில் எல்லோர் கையிலும் இதுதான் இருக்கும். கேடிகள் வைத்த பெயர் பனிக்கம்பி.

சரி, ஆனால் இது தை மாதம். காலையில் புல்லில் உறைபனி, எட்டு மணிக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி. சமவெளியில் பவானி ஆறு மினுங்குவதுகூட ஏழாம் டீயிலிருந்து தெரிகிறது. இந்த வெயிலில் பனிக்கம்பிக்கு என்ன வேலை?

ஜனவரி 26

விடை கிடைத்துவிட்டது! கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

கிளப்பில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அப்புறம் பழக்க ஆட்டம். மூன்றாம் குழியில் எபனேசர் டாக்டர் எல்லோர் முன்னாலும், "சார், வீட்டம்மாவுக்குப் பயந்துக்கிட்டு கட்டையைப் பூட்டி வெச்சுட்டீங்களா?" என்றார். அவர் மனைவி சுசீலாகூடச் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன், இன்றைக்கு நிஜத்தைச் சொல்லாமல் விடமாட்டேன் என்று.

இவர் சொன்னார், "இத பாரு. கட்டையில அடிச்சா பந்து ஓடக்கரைச் சரிவுல போய் நிக்கும். அடுத்த அடி உன்னோடது. சரிவுல நின்னுக்கிட்டு ஓடையைத் தாண்டி நீ அடிக்கணும். கம்பியில அடிச்சா மட்டமான எடத்துல நிக்கும். உனக்குத் தோதான எடம்."

எனக்காக! தன் பவிசை விட்டு, ஊர் கேலியையும் வாங்கிக்கொண்டு, எனக்காகக் கம்பி எடுக்கிறார். பெண் பார்க்க வந்தபோது வடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போன மனிதர். ராத்திரி ரவா கேசரி கிளறினேன். எனக்குச் சர்க்கரை, இருந்தாலும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன்.

ஜனவரி 27

முதல் குழியில் ஓடையே கிடையாதே.

பிப்ரவரி 1, சனி

சிலிண்டர் வந்தது. மிளகாய் காயப்போட்டேன். நிறைமதி வீடியோவில் கூப்பிட்டாள். "அம்மா, அப்பாகிட்டப் பேசினா அவரு என் மூஞ்சியைப் பாக்காம சுவத்தைப் பாத்துப் பேசறாரு. என்மேல கோவமா?" என்றாள். கோபமெல்லாம் இல்லை, போனைப் பிடிக்கத் தெரியவில்லை என்றேன். பேப்பர் வாங்குவதையும் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார். செய்தியெல்லாம் போனில் சத்தமாக வைத்துக் கேட்கிறார். எனக்குக் காது வலிக்கிறது.

காலை ஆட்டத்தில் நாலாம் குழியில் ஒரு காட்டெருமை நின்றது. இங்கே அது சகஜம். புல்வெளி நடுவில் கறுப்பாக, ஒரு சின்ன லாரி அளவுக்கு நிற்கும். அது நகரும்வரை நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். இவர் தன்பாட்டுக்கு அதை நோக்கி நேராக நடந்து போய்க்கொண்டே இருந்தார். நான் கத்தினேன். போஜன் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தான். அது ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது.

"பாத்தேன், பாத்தேன். அது ஒண்ணும் பண்ணாது" என்றார்.

காட்டெருமை என்ன ஊசியா, கண்ணில்

நாளைக்குத் தோசைக்கு ஊறப்போட வேண்டும்.

பிப்ரவரி 5

நிறைமதியைக் கூட்டி வர ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இவர் முகம் சிவந்துவிட்டது. "என் புள்ளையக் கூட்டிட்டு வர்றதுக்கு வாடகைக்கு ஆள் வெக்கணுமா? டீ ஃபேக்டரிக்கு இந்த ரோட்டுல எத்தன தரம் மெஷின் ஏத்திட்டு வந்திருக்கேன்! கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. கீரை ஆயப் போய்விட்டேன்.

பிப்ரவரி 8

தூக்கம் வரவில்லை. கோப்பையை நினைத்து என்று வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் எழுந்து பார்த்தால் எதிர் வீட்டைக் காணோம். தை மாதத்தில் இப்படி ஒரு மூடுபனியை நான் பார்த்ததில்லை. பத்து ஜோடிகளும் கிளப்பில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கேப்டன் பலகையைக் காட்டி, டீயில் எல்லோரும் கம்பிதான், ஆட்டம் உண்டு என்று அறிவித்தார். எங்களோடு சேர்ந்து ஆட எபனேசர் டாக்டரும் சுசீலாவும்.

ஆரம்பித்ததிலிருந்தே ஆச்சரியம். பழக்கமில்லாத நீளக் கம்பியை வைத்துக்கொண்டு எல்லோரும் திண்டாடுகிறார்கள். டாக்டரின் பந்து இரண்டு தரம் காட்டுக்குள் போனது. அடித்த பந்தை யாராலும் பார்க்க முடியவில்லை, தேடித்தேடி நடந்தார்கள். இவர் மட்டும் அடித்தார், தலையைச் சாய்த்து விழுகிற சத்தத்தைக் கேட்டார், நடந்தார். பந்து அங்கே இருந்தது. எல்லோரும் தரையைத் தடவி நடக்கிற பனியில் இவர் நேற்று நடந்த மாதிரியே, போன வாரம் நடந்த மாதிரியே நடந்தார். இவர் நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஐந்தாம் குழியில் எனக்குப் புரிந்தது. என்ன புரிந்தது என்று மனசுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த அடி என்னுடையது, அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

எட்டுக் குழி முடிந்தபோது நாங்களும் டாக்டர் ஜோடியும் சரிசமம். மற்றவர்கள் எல்லாம் பின்னால். ஒன்பதாம் டீ சைப்ரஸ் மர நிழலுக்குள் இருக்கிறது. அங்கே நாங்கள் ஏறி நின்றபோது திரை விலகின மாதிரி பனி கலைந்தது. எதிரே புல்வெளி முழுக்க வெயில். குழியில் நட்ட கொடி, கிளப் ஓடு, ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. டாக்டர் "அப்பாடா!" என்று கம்பியைப் பையில் செருகிவிட்டுக் கட்டையை உருவினார்.

முதலில் அடிக்க வேண்டியவர் இவர். கையில் பனிக்கம்பி. டாக்டர் கட்டையின் உறையைக் கழற்றுகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். "டாக்டர், என்ன இது? மிஸ்ட் முன்னைவிட அதிகமாத்தானே இருக்கு? கட்டை எடுக்கக் கூடாது. ரூல்னா ரூல்தான்" என்றார்.

டாக்டர் சிரிக்கப் போனார், ஏதோ கேலி என்று நினைத்து. இவர் முகத்தில் கேலி இல்லை. வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சுசீலா வானத்தைப் பார்த்தாள். போஜன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், எப்போதோ தெரியும். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் வாழ்க்கையில் நான் பொய்க்கணக்குப் போட்டதில்லை.

"ஆமாங்க, பனி இன்னும் போகல" என்றேன். "கம்பியிலயே அடிங்க."

டாக்டர் எபனேசர் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேலிக்கார மனிதர் கட்டையைப் பைக்குள் போட்டார். கம்பியை உருவினார். "ரூல் ரூல்தான் சார், மறந்துட்டேன்" என்றார்.

அந்த மனிதரின் வாய்க்கொழுப்பை எல்லாம் இன்றோடு மன்னித்துவிட்டேன்.

இவர் அடித்தார். தாழ்ந்து, நேராக, அழகான அடி. போஜன் சத்தமாகச் சொன்னான்: "நடுவுலங்க சார். நட்டநடுவுல." ஆனால் ஜெயிக்கவில்லை. கடைசியில் குழியருகே ஒரு முழத் தூரத்தில் தட்டிவிட வேண்டிய பந்து எனக்கு. குழி கலங்கலாகத் தெரிந்தது, தவறவிட்டேன். கோப்பை டாக்டர் வீட்டுக்குப் போனது. இவர் என் தோளைத் தட்டி, "பனியில யாருக்குத்தான் தெரியும், விடு" என்றார்.

கார் அருகே வந்ததும் கையை நீட்டினேன். என்ன என்று கேட்கவில்லை. சாவியை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு மைல் நான் ஓட்டினேன், இவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

வீட்டில் கேட்டேன். "எப்பத்துல இருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே மங்கல். பொறவு வெளிச்சம் அடிச்சா எல்லாம் வெள்ளையாப் போயிருது."

"ஏனுங்க சொல்லல?"

"சொன்னா சாவிய வாங்கிக்குவ."

"அதுக்குக் கம்பி எதுக்கு?"

"கட்டையில அடிச்சா எங்க போச்சுன்னே தெரியாது, அம்மிணி. கம்பி அப்படியில்ல. பட்டதுமே கைக்குத் தெரிஞ்சுரும், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்னு. அந்தக் கணக்குல நடந்துக்குவேன். தேடவே வேண்டாம். இன்னும் ஆடறேன்னு தோணும்."

"அப்ப எனக்காகன்னு சொன்னது?"

கொஞ்சம் யோசித்தார். "ஓடை இருக்கற குழிக்கு மட்டும் அது நிசம்" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை சோதனை செய்தவள், கம்பியை விட்டுவிட்டு மனிதரை ஒருநாள் சோதித்திருக்கலாம்.

பிப்ரவரி 10

எபனேசர் டாக்டரே போன் செய்து, குன்னூரில் தெரிந்த கண் டாக்டரிடம் சொல்லிவைத்தார். பஸ்ஸில் போனோம். கண்ணுக்குச் சொட்டு விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, நெடுநேரம் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. அதை எடுத்துவிடலாம், பயமில்லை. இடது கண்ணில் அதோடு நரம்பும் அடிபட்டிருக்கிறது. அதில் போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கேட் தூண் இடப்பக்கம்தானே.

பஸ்ஸில் வரும்போது இவராகவே சொன்னார், "புதன்கிழமைக்கு டிரைவர் சொல்லிரலாம்."

"என் புள்ளையக் கூட்டிட்டு வர்றதுக்கு வாடகைக்கு ஆள் வெக்கணுமா?" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அதைச் சொன்னது நானா என்று.

பிப்ரவரி 11

மேட்டுப்பாளையம் ரோட்டில் பாதி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ஒரு பஸ் வந்தது. கைகூப்பவில்லை.

பிப்ரவரி 12, புதன்

வந்து சேர்ந்துவிட்டோம். நிறைமதி உள்ளே தூங்குகிறாள். எனக்குத் தோளும் இடுப்பும் விட்டுப்போய்விட்டது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கோயம்புத்தூரில் காரைப் பார்த்ததும் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, நீயா ஓட்டிட்டு வந்தே?" இவர் பக்கத்துச் சீட்டில் சாதுவாக உட்கார்ந்திருந்தார், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவளைப் பின்னால் தலையணை வைத்து உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினோம். வழியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டாள்.

மலை ஏறத் தொடங்கியதும் இவர் ஆரம்பித்தார். "அடுத்தது வலதுல ஒடிக்கணும். ரெண்டாவது கியர். ஹாரன் அடி. இப்ப தண்ணித் தொட்டி வரும், வந்துதா? அதுக்கப்புறம் ரோடு குறுகும், மேல இருந்து பஸ் வந்தா நீ ஒதுங்க வேண்டாம், அவன் நிப்பான்." ஒரு வளைவு தப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். போஜன்கூட இவ்வளவு நன்றாகச் சொல்ல மாட்டான்.

பாதி மலையில் மேகம் இறங்கியது. கண்ணாடிக்கு முன்னால் வெறும் வெள்ளை. காலை பிரேக்கில் வைத்து அழுத்தி ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் பிள்ளைத்தாச்சி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

இவர் அவசரப்படவில்லை. "எவ்வளவு தூரம் தெரியுது?"

"ஒரு ரெண்டு கல்லு. வெள்ளையடிச்ச கல்லு ரெண்டுதான் தெரியுது."

"அது போதும். அந்த ரெண்டு கல்லு வரைக்கும் போ. அங்க போனா இன்னும் ரெண்டு தெரியும்" என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். "பனிக்கம்பி, அம்மிணி. நான் நாலு மாசமா அப்படித்தான் இருக்கேன்."

இரண்டு கல் போனேன். இன்னும் இரண்டு தெரிந்தது. அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம்.

பின் சீட்டிலிருந்து நிறைமதி கேட்டாள், "இந்த நாலு மாசமும் எங்க யாருக்கும் சொல்லாம சமாளிச்சிருக்கீங்க. நீங்க பெரிய கேடிப்பா."

"ஆமா" என்றேன் நான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே எனக்குக் கேடி அவருதான்."